சூம் வகுப்பா, நேரடி டியூசனா?

சாதாரண தரப் பரீட்சைக்குப் பிள்ளையை எதில் சேர்ப்பது என்று கொழும்பு வெள்ளவத்தையில் பல பெற்றோர் கேட்கிறார்கள். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியதிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டையும் பார்த்துவிட்டோம்.

செலவு
சூம்: பஸ் காசு மிச்சம், டேட்டாவுக்குப் போகும்.
நேரடி: 100ஆம் இலக்க பஸ்ஸில், காலி வீதி நெரிசலில் போகும் நேரமும் செலவுதான்.

கரண்ட்
சூம்: 2022இல் 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது வகுப்பே நடக்கவில்லை.
நேரடி: கரும்பலகைக்குக் கரண்ட் வேண்டாம்.

விளங்குவது
இதுதான் எனக்கு முக்கியம். சமன்பாட்டில் எண்ணை மறுபக்கம் கொண்டுபோகும்போது மகள் குறியை மாற்றாமலே விட்டுக்கொண்டிருந்தாள். நேரடி வகுப்பில் சேர் கொப்பியை எட்டிப் பார்த்து, அந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டார், அன்றோடு சரி. சூமில் கமெரா மூடியிருக்கும். “விளங்குதா?” என்றால் எல்லோரும் “ஓம் சேர்” என்று தட்டிவிடுவார்கள். ஆனால் பதிவு பெரிய உதவி: வரலாற்றுப் பாடத்தை இரவில் நிறுத்தி நிறுத்தித் திரும்பக் கேட்டாள்.

கணிதம், விஞ்ஞானத்தில் தடுமாறும் பிள்ளைக்கு நேரடி வகுப்பே சரி, அதுவும் சின்ன வகுப்பாக. வரலாறு, மீட்டல், அல்லது யாழ்ப்பாணத்தில் இருக்கும் நல்ல ஆசிரியர் என்றால் சூம் போதும்.