ராஜம் கிருஷ்ணனை எந்த எழுத்தில் தேடுவது? ஆன்லைன் நூலகப் பயிற்சியில் என் மூன்று வருடம்

போன வெள்ளிக்கிழமை பக்கத்து வட்டத்துக் கிளை நூலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கை ஒருத்தி போன் செய்தாள். "அக்கா, அந்த ஆன்லைன் கோர்ஸுக்குக் கட்டணத்தைப் பாதியாக் குறைச்சுட்டாங்களாம். நீங்கதான் மூணு வருஷமா அதுல இருக்கீங்களே, சேரலாமா?" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததை இங்கேயும் எழுதி வைக்கிறேன், நம்மைப் போல் சின்ன நூலகத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஆகும். எத்தனை பாடம், எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருப்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். எங்கள் நூலகத்தில் ஆள் நான் ஒருத்திதான். திறப்பது, பெருக்குவது, பேப்பரைக் கோத்து வைப்பது, புத்தகம் கொடுத்து வாங்குவது எல்லாம் நானே. மாவட்டத் தலைநகரில் பயிற்சி என்று தபால் வந்தால் அன்றைக்கு இங்கே பூட்டுத்தான். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பஸ் ஏறி வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். மறுநாள் அவர்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருக்கும். இந்தப் பயிற்சிக்காக ஒருநாள்கூடக் கதவைச் சாத்தியதில்லை. கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு பார்ப்பேன், யாராவது வந்தால் நிறுத்திவிடுவேன். விட்ட இடத்திலிருந்தே மறுபடி ஓடும்.

புத்தகம் பழுது பார்க்கும் பாடம் மட்டும் தனியாகக் கிடைத்தால் முழுக் கட்டணத்தையும் அதற்கே கொடுப்பேன். தாளுக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டு என்பது பதினாலு வருஷ வேலையில் எனக்குத் தெரியாது. தாளை நீளவாக்கில் ஒருமுறை, குறுக்குவாக்கில் ஒருமுறை மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சொன்னபடி வளையும், இன்னொரு பக்கம் முரண்டு பிடிக்கும். எளிதாக வளையும் மடிப்பு புத்தகத்தின் முதுகோடு சேர்ந்து போகிற மாதிரி வைத்து ஒட்டினால் ஏடு படிந்து கிடக்கும், மாற்றி ஒட்டினால் விறைத்துக்கொண்டு நிற்கும். செலோ டேப்பைத் தொடாதே என்பதும் அங்கே கற்றதுதான். நான் ஒட்டிய பழைய டேப்பெல்லாம் மஞ்சளாகி, பசை எழுத்துக்குள் இறங்கி, ஏட்டையும் கெடுத்திருக்கிறது. இப்போது மாவுப் பசையும் மெல்லிய தாளும்தான். பிள்ளைகள் அடித்துப் பிடித்துப் புரட்டுகிற உலக வரைபடப் புத்தகத்தை அப்படித்தான் தைத்து ஒட்டினேன். ஒன்றரை வருஷமாகப் பிரியவில்லை.

புத்தகப் பட்டியலையும் கொடுக்கல் வாங்கலையும் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளும் கோஹா மென்பொருள் பாடமும் குறை சொல்ல முடியாதது. நியூசிலாந்தில் ஒரு சிறிய நூலக அமைப்புக்காக எழுதி, 2000-இல் ஓடத் தொடங்கிய இலவச மென்பொருள் அது. பெயருக்கு மாவோரி மொழியில் கொடை என்று பொருள். நம்மைப் போன்ற ஒரு சின்ன இடத்தின் தேவைக்காகப் பிறந்தது என்று கேட்டதும் கம்ப்யூட்டர் பயம் பாதி போய்விட்டது.

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

முதல் பாடமே எஸ்.ஆர். ரங்கநாதனில்தான் தொடங்குகிறது. சீர்காழியில் 1892-இல் பிறந்தவர், 1931-இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளைத் தந்தவர், நான்காவது விதி வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. அவர் படத்தைப் பெரிதாகக் காட்டி இவ்வளவும் சொல்கிறார்கள். நாலாவது பாடம் அட்டவணையாக்கம், அதாவது ஒரு புத்தகத்தை ஆசிரியரின் எந்தப் பெயரில் பதிந்து, எந்த எழுத்து வரிசையில் வைப்பது என்பது. அங்கே ஆசிரியர் பெயரின் கடைசிச் சொல்லை முன்னால் போடு என்று ஒரே விதி. ஜான் ஸ்மித் என்றால் ஸ்மித் சரி. அதே விதியை நம் பெயர்களுக்கும் போட்டுத் தேர்வு வைக்கிறார்கள். நாவலாசிரியர் ராஜம் கிருஷ்ணன் எந்தத் தலைப்பில் என்ற கேள்விக்கு, "கிருஷ்ணன், ராஜம்" என்பதுதான் அவர்களுக்குச் சரியான விடை. கிருஷ்ணன் அவர் கணவர் பெயர். வ.உ. சிதம்பரம் பிள்ளை "பிள்ளை" என்ற தலைப்பில் போகிறார். பிள்ளை எழுதின புத்தகம் கொடுங்கள் என்று யார் வந்து கேட்பார்கள்? வ.உ.சி. என்பார்கள், சிதம்பரம் பிள்ளை என்பார்கள். நம் ஊரில் பெயர் என்பது இயற்பெயர். முன்னால் நிற்பது அப்பா பெயரோ ஊர்ப் பெயரோ, பின்னால் ஒட்டியிருப்பது சாதிப் பெயரோ கணவர் பெயரோ.

இது என் சொந்த அபிப்பிராயம் இல்லை. 1978-இல் வந்த ஆங்கிலோ-அமெரிக்க அட்டவணை விதிகளின் இரண்டாம் பதிப்பிலேயே, தென்னிந்தியப் பெயரில் குடும்பப் பெயர் இல்லாவிட்டால் இயற்பெயரில் பதிவிடு என்று தனி விதி இருக்கிறது. அதைத்தான் மெயிலில் எழுதி அனுப்பினேன். இதுவரை ஆறு மெயில். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஆறு பதில். கேள்வி அப்படியே இருக்கிறது.

வருஷா வருஷம் சான்றிதழைப் புதுப்பிக்க அதே தேர்வை எழுத வேண்டும். முதல் வருஷம் சரியான விடையை அமுக்கினேன், சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது, ஒரு மார்க்கில் போனது. திரும்ப எழுதும்போதும் அடுத்த வருஷமும் தப்பு என்று தெரிந்தே தப்பை அமுக்கித் தேறினேன். தேறிய அன்று எனக்கு சந்தோஷமே இல்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். பல மாநிலத்துக்குச் சேர்த்து ஒரே பாடமாகச் செய்கிறவர்கள், எல்லா ஊர்ப் பெயர் வழக்கத்தையும் அறிந்திருக்க முடியாது. போன வருஷம் தமிழ் வசன வரிகள்கூடச் சேர்த்தார்கள். அதற்கு உழைத்தவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் இது ஏட்டோடு நிற்கிற தப்பு இல்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு கல்லூரிப் பெண் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய நாவலைக் கேட்டு வந்தாள். எங்களிடம் இல்லை. இன்னொரு நூலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன், அங்கேயும் இல்லை என்றார்கள். அந்தப் பெண் வெறுங்கையோடு போனாள். பிறகு ஒரு வேலையாக அங்கே போனபோது பார்த்தேன், நாவல் அலமாரியில்தான் இருக்கிறது. முதுகுச் சீட்டில் "கிரு" என்று எழுதி, வேறு நாலைந்து கிருஷ்ணன்களோடு. அங்கிருந்தவர் இதே பயிற்சியை முடித்து, சொல்லிக்கொடுத்தபடியே நேர்மையாகச் சீட்டு ஒட்டியிருக்கிறார். "ரா" வரிசையில் தேடிப் பார்த்துத்தான் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அவரை எப்படிக் கோபித்துக்கொள்ள முடியும்?

இந்த வருஷம் ராஜம் என்றே அமுக்கினேன், பிள்ளையை விட்டுச் சிதம்பரத்தை அமுக்கினேன். தேறவில்லை. மறுதேர்வுக்குப் பணம் கட்டவும் போவதில்லை.

மேலே எழுதியதைக் கூட்டிக் கழித்தால் நல்லதுதான் அதிகம் என்று எனக்கே தெரிகிறது. இருந்தும் ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் இன்றைக்கு என்னால் இரண்டுக்கு மேல் கொடுக்க முடியாது. தங்கையிடம் சேர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "அப்ப பைண்டிங் எல்லாம் யாருக்கா சொல்லித் தருவா?" என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை உனக்கும் எனக்கும் விடுமுறைதானே, கால் கிலோ மைதாவும் கிழிந்த புத்தகம் நாலும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா என்றேன்.