ஜெர்மனி கிளம்பும் முன்: செமினாரா, மதிப்பெண் பட்டியலா, சீனியரா, மொழி வகுப்பா?

தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு பிள்ளைக்கு வெளிநாட்டில் சீட் கிடைத்துவிட்டால் வீடு முழுக்கப் பணப் பேச்சுதான். ஜெர்மனி என்றால் வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டிய 11,904 யூரோ, நம் படிப்புச் சான்றுகள் அசல்தான் என்று உறுதி செய்யும் ஏபிஎஸ் சான்றிதழ், விசா தேதி. அந்த ஊர்க்காரர்கள் எப்படிப் பழகுவார்கள், எதற்கு முகம் சுளிப்பார்கள் என்று கேட்டால் "போனா தானா வந்துடும்" என்பார்கள். வரத்தான் செய்யும், முதல் செமஸ்டரைக் காவு வாங்கிவிட்டு. முன்கூட்டியே தெரிந்துகொள்ள இங்கே நாலு வழி புழக்கத்தில் இருக்கிறது. நாலும் ஒரே தரமில்லை.

செமினாரை முதலில் முடித்துவிடுவோம். கன்சல்டன்சிக்காரர்கள் ஓட்டல் ஹாலில் இலவசமாக நடத்துவது. 'யு' வடிவத்தில் ஒரு வளைவைத் திரையில் காட்டுவார்கள்: முதலில் குஷி, அப்புறம் சோர்வு, பிறகு தேறிவிடுவீர்கள். 1955ல் லிஸ்கார்ட் என்ற ஆய்வாளர் அமெரிக்கா போய் வந்த நார்வேக்காரர்களைக் கேட்டு எழுதியதிலிருந்து வந்த வளைவு அது. 1998ல் வெளியான ஓர் ஆய்வு, நியூசிலாந்து போன ஜப்பானிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது வேறு மாதிரி கண்டது: போய் இறங்கிய நேரத்தில்தான் மனச்சோர்வு அதிகம். முதல் மாதம் ஜாலியாக இருக்கும் என்று நம்பிப் போகிறவன் இறங்கிய வாரமே அழுதால், கோளாறு தன்னிடம்தான் என்று நினைத்துக்கொள்வான். சமோசா, டீக்காகப் போகலாம், தப்பில்லை.

அடுத்தது மதிப்பெண் பட்டியல். நெதர்லாந்தின் கியர்ட் ஹாஃப்ஸ்டெட் ஐபிஎம் ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை எடுத்த கேள்வித்தாள்களை வைத்து நாடுகளுக்குப் போட்ட மார்க். இணையத்தில் இலவசம், இரண்டு நாடுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்பதால் பசங்களுக்குப் பிடிக்கும். மேல் கீழ் பார்க்கும் பழக்கத்தில் இந்தியாவுக்கு 77, ஜெர்மனிக்கு 35. நிச்சயமில்லாததைக் கண்டு பதறுவதில் இந்தியாவுக்கு 40, ஜெர்மனிக்கு 65. இந்த இரண்டாவது ஜோடி உண்மையிலேயே உதவும். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் விலாசத்தைப் பதிவு செய்ய வேண்டிய சட்டம், எதற்கெடுத்தாலும் முன்பதிவு, கடிதம், கையெழுத்து, இதெல்லாம் ஏன் என்று கொஞ்சம் புரியும்.

ஆனால் முதல் ஜோடியை நம்பிப் போனால் சிக்கல். பிரிட்டனுக்கும் அதே 35தான். அங்கே பேராசிரியரைப் பெயர் சொல்லியே கூப்பிடுவது சகஜம். ஜெர்மனியில் முதல் மின்னஞ்சலையே அப்படித் தொடங்கினால் நன்றாக இருக்காது, பட்டமும் குடும்பப் பெயரும் போட்டு எழுத வேண்டும். ஒரே மார்க், இரண்டு நடைமுறை. அப்புறம், அந்த இந்திய மார்க் யாருடையது? அந்தக் காலத்து ஐபிஎம் ஆபீஸில் கோட்டுப் போட்டு உட்கார்ந்தவர்களுடையது. 1978ல் அந்தக் கம்பெனி நாட்டை விட்டே போய்விட்டது. காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் எடுக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அந்த 77 எவ்வளவு பொருந்தும்?

சீனியர் கதை வேறு. வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் நோட் வரும்: "டேய் தம்பி, எக்ஸாமுக்கு நீயேதான் போர்ட்டல்ல பேர் கொடுக்கணும். தேதி போச்சுன்னா போச்சு. எவனும் ஞாபகப்படுத்த மாட்டான்." எந்தப் பட்டியலிலும் இல்லாத சரக்கு இது. ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடிக்காதே, ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். சாவு மேளமும் கானாவும் விடிய விடியக் கேட்டு வளர்ந்த தெருவிலிருந்து போகிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் சீனியரிடமும் ஓட்டை உண்டு. நாலு தமிழ்ப் பையன்களோடு அறை எடுத்து, ரசம் வைத்துச் சாப்பிட்டு, உள்ளூர்க்காரர் ஒருவரோடும் பேசாமல் படிப்பை முடித்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு வீட்டு ஓனரிடம் பட்ட பாட்டை வைத்து "ஜெர்மன்காரனே அப்படித்தான்" என்பார்கள். போய் மூன்று வருடமானவருக்கு எது விசித்திரமாக இருந்தது என்பதே மறந்திருக்கும். போன வருடம் போனவரைப் பிடியுங்கள். "எப்படிண்ணா இருக்கு?" என்று கேட்டால் "சூப்பர்டா" என்றுதான் வரும். "யார்கிட்ட, எதுக்குத் திட்டு வாங்கின?" என்று கேளுங்கள்.

என் ஓட்டு மொழி வகுப்புக்குத்தான். இலக்கணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஜெர்மன் மொழி சொல்லித்தரும் கெதே நிறுவனத்தின் ஏ1, அதாவது முதல் நிலை, பேச்சுத் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். உன்னைப் பற்றிச் சொல் என்று கொடுக்கும் குறிப்பில் பெயர், வயது, நாடு, வசிக்கும் இடம், மொழிகள், தொழில், பொழுதுபோக்கு. அவ்வளவுதான். அப்பா என்ன செய்கிறார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அதில் இடமே இல்லை. நாம் அதிலிருந்துதானே ஆரம்பிப்போம்! அடுத்து, படம் போட்ட அட்டையைக் காட்டி எதிரில் இருப்பவரிடம் ஒரு உதவி கேட்க வேண்டும், சுற்றி வளைக்காமல். அடுத்த நிலையான ஏ2 தேர்வில் ஆளுக்கொரு டைரியை வைத்துக்கொண்டு இருவரும் ஓய்வாக இருக்கும் நேரத்தைப் பேசி முடிவு செய்ய வேண்டும். "வீட்டாண்ட வந்து ஒரு குரல் குடு" என்று பழகிய வாய்க்கு இது நல்ல பயிற்சி. யாரும் 'கலாசாரம்' என்று பாடம் எடுப்பதில்லை, ஆனால் நம் பழக்கம் எங்கே இடிக்கிறது என்று நமக்கே தெரிந்துவிடுகிறது. மற்ற மூன்றும் அந்த ஊரைப் பற்றிச் சொல்லும், இது நம்மையும் காட்டிக்கொடுக்கும்.

செலவு உண்டு, மாதக்கணக்கில் நேரம் வேண்டும், உண்மைதான். கெதே நிறுவனம் இருக்கும் நுங்கம்பாக்கம் தூரம் என்று சாக்குச் சொல்ல மட்டும் முடியாது. 2021ல் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு தண்டையார்பேட்டையில் ஏறி ஆயிரம் விளக்கில் இறங்கிவிடலாம், வண்டி மாற வேண்டியதில்லை.

கையில் ஆறு மாதம் இருந்தால் வகுப்பில் சேருங்கள், கூடவே ஒரு சீனியரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டியலைப் பதிலாக எடுத்துக்கொள்ளாமல், சீனியரிடம் கேட்க வேண்டிய கேள்விகளுக்குக் குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதமே விமானம் என்றால் சீனியர் மட்டும் போதும். பிரிட்டன் போகிறவர்கள் பெரும்பாலும் இப்படி ஒரு புது மொழி வகுப்பில் உட்காருவதில்லை. ஆங்கிலம் தெரியும் என்பதாலேயே எல்லாம் தெரியும் என்று கிளம்பிவிடுகிறார்கள். அங்கே பல பல்கலைக்கழகங்களில் இந்திய மாணவர் சங்கம் உண்டு, சிலவற்றில் தமிழ்ச் சங்கமும் இருக்கிறது. சேருகிற துறையின் பெயரைச் சொல்லி ஒரு செய்தி போட்டால் யாராவது சிக்குவார்கள்.