கார்டு கையில் இருக்கும்வரை வரியும் உண்டு: கிளிநொச்சியில் ஒரு நல்ல ஆலோசகர்

அம்மாவைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து பரந்தனுக்கு வந்து தங்கிவிட்ட எனக்குச் சொந்தக்காரர் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "அங்கே உழைப்பு இல்லை, பிறகென்ன வரி?" கரடிப்போக்குச் சந்திக்கு அருகே, உரக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் வரி ஆலோசகர் என்னிடம் முதலில் கேட்டது வேறு. "பிள்ளை, கிறீன் கார்டை, அந்த அமெரிக்க நிரந்தர வதிவுரிமை அட்டையை, முறைப்படி திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா?"

கொடுக்கவில்லை. அப்படியானால் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் உலக வருமானம் முழுவதும் அமெரிக்க வரிக் கணக்கில் வரும் என்றார். கார்டு காலாவதியாவதால் மட்டும் இது தீராது. ஐ-407 படிவம் கொடுத்து வதிவுரிமையைக் கைவிடுவதுதான் வழக்கமான வழி. அமெரிக்காவில் வதியாதவர் என்று வரிப் படிவத்தில் எழுதித் தப்ப நினைப்பதும் ஆபத்து; வதிவுரிமையைக் கைவிட்டதற்கு அதையே சான்றாக எடுக்கலாம்.

பிறகு என் வங்கிப் புத்தகங்களை விரித்துப் பென்சிலோடு பக்கம் பக்கமாக இறங்கினார். ஆண்டுக் கடைசி மீதியை அவர் தேடவில்லை. ஆண்டுக்குள் எட்டிய மிக உயர்ந்த மீதியைத் தேடி வட்டமிட்டார். பெரும்போக நெல் விற்ற காசு, அம்மாவும் நானும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கில் விழுந்த நாள் அது. காசு அம்மாவுடையது. ஆனாலும் என் பெயர் இருப்பதால் முழுத் தொகையையும் நான் காட்ட வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள எல்லாக் கணக்கும் சேர்ந்து ஒரு நாளாவது 10,000 டொலரைத் தாண்டினால், அந்தக் கணக்குகளைக் காட்டும் எஃப்பார் (FBAR) அறிக்கை கட்டாயம். அது வரிப் படிவத்தோடு போகாது. அமெரிக்கத் திறைசேரியின் நிதிக் குற்றத் தடுப்புப் பிரிவான ஃபின்செனுக்கு (FinCEN) இணையத்தில் தனியாகப் போகும். ஒரு சதம் வரி கட்டத் தேவையில்லாதவருக்கும் இந்தக் கடமை உண்டு. இதை எனக்கு முன்பு எவருமே சொன்னதில்லை.

நிலையான வைப்பு வட்டியில் 2025 ஏப்ரல் முதல் இங்கே 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். அதற்கான சான்றிதழை வங்கியில் கேட்டு வாங்கச் சொன்னார். 1116 படிவத்தில் அமெரிக்க வரிக்கு எதிராகக் கழிக்க அது வேண்டும்.

கனடா வதிவுரிமையோடு உருத்திரபுரத்தில் வயல் செய்யும் என் தம்பிக்குச் சொன்ன கணக்கு வேறு. ஐந்து ஆண்டில் 730 நாள் என்பது கார்டைக் காப்பாற்றும் கணக்கு. அங்கே வரியைத் தீர்மானிப்பது வீடும் மனைவி பிள்ளைகளும் எங்கே என்பது. தம்பியின் குடும்பம் கனடாவில் ஸ்காபறோவில் இருக்கிறது. நெல் வருமானமும் அங்கே காட்ட வேண்டிவரலாம் என்று நேராகவே சொல்லிவிட்டார்.

அமெரிக்கப் படிவத்தைக் கட்டணம் வாங்கித் தயாரிக்கத் தேவையான பிடின் (PTIN) எண் தம்மிடம் இல்லை என்று முதலிலேயே சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. கடதாசிகளை ஒழுங்குபடுத்தி, அந்த எண் உள்ளவருக்கு அனுப்பத் தயாராகக் கட்டித் தந்தார். எனக்கு 15,000 ரூபாய் ஆனது; அதற்கு மேலேயே பெறுமதி உண்டு.

குறை ஒன்று உண்டு, அது சிறிதல்ல. முன்மேசையில் மற்றவர்களின் கடவுச்சீட்டுப் பிரதிகள் திறந்தபடி கிடக்கின்றன. சொன்னேன், அடுத்த முறையும் அப்படியே கிடந்தன. போகிறவர்கள் பிரதிகளை ஐயாவின் கையிலேயே கொடுங்கள், வேலை முடிந்ததும் திருப்பி வாங்குங்கள். கூட்டுக் கணக்குப் புத்தகத்தையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.