ஐந்து மழை, ஒரு பள்ளிக்கூடம்: வேளச்சேரி முகாம் அனுபவம்

சென்னை வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருப்பவனுக்கு ஐப்பசி பிறந்தால் இரண்டு கவலை. ஸ்கூட்டரை எங்கே நிறுத்துவது, அம்மாவை எங்கே கொண்டுபோய் வைப்பது. முதல் கவலைக்கு ஊரே சேர்ந்து வழி கண்டுபிடித்துவிட்டது. 2024 அக்டோபரில் மேம்பாலத்தின் மேல் கார்கள் வரிசைகட்டி நின்ற படம் எல்லோர் போனுக்கும் வந்திருக்கும். இரண்டாவது கவலைக்கு என் வழி, வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் ஒரு மாநகராட்சிப் பள்ளிக்கூடம். மழை வலுத்தால் அதுதான் நிவாரண முகாம். இதுவரை நாலு தடவை அங்கே போயிருக்கிறேன். அந்த அனுபவத்தைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பகுதி வெள்ளத்தின் குணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்டது அடையாற்றங்கரைக்காரர்களின் கதை. எங்கள் கதை வேறு. ஆதம்பாக்கம் பக்கமிருந்து வரும் வீராங்கால் ஓடை பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் போய்ச் சேர வேண்டும். சதுப்பு நிரம்பிவிட்டால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை, தெருவிலேயே நிற்கும். ஆற்று வெள்ளம் மாதிரி அடித்துக்கொண்டு வராது. சத்தமே இல்லாமல் ஒவ்வொரு படியாக ஏறும். அதனால்தான் இங்கே எல்லோரும் ‘இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போமே’ என்று உட்கார்ந்திருப்பார்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

2015இல் முகாம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. டிசம்பர் 1ஆம் தேதி, தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டிய அந்த நாள், மாடி வீட்டு மாமி வீட்டுக்குள் ஒதுங்கினோம். மறுநாள் மீனவர்களின் ஃபைபர் படகு ஒன்று தெருவுக்குள் வந்து எங்களை ஏற்றிப்போய் ஒரு கல்யாண மண்டபத்தில் விட்டது. நல்ல மனசு உள்ள யாரோ திறந்துவிட்ட மண்டபம். அரசாங்க முகாம் அதிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது என்று பொங்கலுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

2020 நவம்பரில் நிவர் புயல் வந்தபோது உஷாராகிவிட்டேன். 25ஆம் தேதி மதியமே முகக்கவசம் மாட்டிக்கொண்டு, பாய், தலையணை சகிதம் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். இடைவெளி விட்டுப் பாய் விரிக்கச் சொன்னார்கள். வகுப்புக்கு மூன்று குடும்பம்தான். சூடான சாம்பார் சாதம், மருத்துவக் குழு, சுத்தமான கழிப்பறை. இதுவரை பார்த்ததில் அதுதான் சிறந்த முகாம். காரணம் எளிது, கூட்டம் இல்லை. புயல் மரக்காணம் பக்கம் கரை கடந்தது. எங்கள் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர்தான். திரும்பி வந்தால் எதிர்வீட்டு அண்ணன், “என்ன சார், டூர் முடிஞ்சுதா?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு மூன்று வருஷம் கழித்து நான் விலை கொடுத்தேன்.

அதற்கு முன்னால் 2021. தீபாவளி முடிந்த வாரக்கடைசி, நவம்பர் 6ஆம் தேதி ராத்திரி பிடித்த மழை. ஞாயிற்றுக்கிழமை காலை முழங்கால் தண்ணீரில் பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ச் சேர்ந்தால் கேட்டில் பூட்டு. வாட்ச்மேன் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தார். சாவி ஓர் ஆசிரியையிடம். அவர் வீடு மேடவாக்கத்தில், நடுவில் எல்லாம் தண்ணீர். நாற்பது பேர் குடையோடு ஒன்றரை மணி நேரம் நின்றோம். முகாம் பட்டியலில் பள்ளிக்கூடத்தின் பெயர் இருந்தது, வரைபடத்தில் புள்ளியும் இருந்தது, சாவிதான் இல்லை. கடைசியில் அந்த டீச்சர் டிராக்டரில் தொற்றிக்கொண்டு வந்து திறந்தார். பாவம், அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அன்று கற்ற பாடம், ஐப்பசி முதல் வாரமே வாட்ச்மேனைப் போய்ப் பார்த்துவிட வேண்டும். யாரிடம் சாவி, இன்னொரு சாவி உண்டா, அவர் ஊருக்குப் போனால் யார் இருப்பார்கள், இந்த மூன்றையும் கேட்டு வைத்துக்கொள்வேன். மாநகராட்சி உதவி எண் 1913, மாநிலப் பேரிடர் உதவி எண் 1070 இரண்டும் எனக்கு மனப்பாடம். ஆனால் மிக்ஜாம் புயல் சமயத்தில் கரண்ட் போய் செல்போன் கோபுரங்களே செத்துக் கிடந்தன. யாரை எங்கே கூப்பிடுவது?

மிக்ஜாம், 2023 டிசம்பர் 3, 4. ‘டூர்’ கிண்டல் காதில் ஒலித்துக்கொண்டே இருந்ததால் ஞாயிறு முழுக்க வீட்டிலேயே இருந்தேன். திங்கள் விடியற்காலை ஃபிரிட்ஜ் மிதந்தது. அம்மாவுக்கு முட்டி வலி, நடக்க முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்துத் தெருப் பையன்கள் இரண்டு பேர் தூக்கினார்கள். இடுப்பளவு கறுப்புத் தண்ணீர். நான் முன்னால் துடைப்பக் கட்டையால் தரையைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே போனேன், எந்த மூடி திறந்து கிடக்கிறதோ என்று. பக்கத்து வழி தாழ்வு என்பதால் சுற்றுவழியில் போனோம். பத்து நிமிட நடைக்கு முக்கால் மணி நேரம். முகாம் எவ்வளவு தூரம் என்பதைவிட, போகிற வழி மேடா பள்ளமா என்பதுதான் முக்கியம். வெயில் காலத்தில் ஒருமுறை நடந்து பார்த்து வைப்பது நல்லது.

முகாமில் கீழ்த்தளத்திலும் தண்ணீர். முதல் மாடியில் ஆறு வகுப்பறை, ஏறக்குறைய இருநூறு பேர். நாலாம் வகுப்பு பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி, நடுவில் பாய். சாப்பாட்டுக்குக் குறையில்லை. முதல் வேளை பன்னும் பிஸ்கட்டும், அப்புறம் லெமன் சாதப் பொட்டலம் வந்துகொண்டே இருந்தது. ராத்திரி கொசுதான் கொன்றது. கரும்பலகைக்குக் குறுக்கே இரண்டு புடவையைக் கட்டி, பெண்கள் உடை மாற்ற மறைப்பு செய்தார்கள். அதனால் என் பையில் இப்போது ஒரு பழைய புடவையும் கொடிக்கயிறும் கட்டாயம் உண்டு. மாத்திரைச் சீட்டு, டார்ச், ரேஷன் கார்டு இதெல்லாம் இரட்டை பிளாஸ்டிக் கவரில். ரேஷன் கார்டை நான் பத்திரப்படுத்தியதற்குப் பலன் கிடைத்தது. அந்த வெள்ளத்துக்கான 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது.

பெரிய குறை கழிப்பறை. சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டியது, உயரம் குறைவு, அம்மா மாதிரி முட்டி வலிக்காரர்கள் உட்கார்ந்தால் எழ முடியாது. மாடியில் இருந்த இரண்டில் ஒன்றுக்குத் தாழ்ப்பாளே இல்லை. 2021இலும் இல்லை. ஒரு பெண் உள்ளே போனால் இன்னொரு பெண் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ராத்திரி இரண்டு மணிக்குத் துணைக்கு யாரை எழுப்புவது? என் மனைவி அந்த இரண்டு நாளும் தண்ணீரே சரியாகக் குடிக்கவில்லை என்பது வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஸ்கூட்டர் மேம்பாலத்தில், நாங்கள் பள்ளிக்கூடத்தில். எதிர்வீட்டு அண்ணனும் இந்த முறை பாயோடு வந்திருந்தார். டூர் பேச்சை நான் எடுக்கவில்லை.

போகும்போது ஹார்டுவேர் கடையில் ஒரு தாழ்ப்பாளும் நாலு திருகாணியும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். எண்பது ரூபாய். வாட்ச்மேன் திருப்புளி கொடுத்தார், கதவைப் பிடித்துக்கொண்டும் நின்றார். மாட்டி முடித்ததும் இழுத்து, தள்ளிப் பார்த்துவிட்டு, “கீழ இன்னும் ரெண்டு கதவு இருக்கு சார்” என்றார்.