போட்டிச் சட்டம்: ஒரே ஒப்பந்தமா, ஐசிஎன்னா?

நிறுவனங்கள் சந்தையில் போட்டியை நசுக்குவதைத் தடுப்பவை போட்டிச் சட்டங்கள். நாடுகளின் இந்தச் சட்டங்களை ஒன்றுக்கொன்று நெருங்க வைக்க இரண்டு வழிகளில் முயன்றார்கள். ஒன்று, உலக வர்த்தக அமைப்பின் கீழ் எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். இன்னொன்று, 2001 அக்டோபரில் பல நாடுகளின் 16 போட்டி ஆணையங்கள் சேர்ந்து தொடங்கிய சர்வதேசப் போட்டி வலையமைப்பு, அதாவது ஐசிஎன். கம்பெனிகள் இணைய ஆணையத்திடம் அனுமதி கேட்கும் விண்ணப்பங்கள் தயாரிப்பது என் வேலை. நான் ஐசிஎன் பக்கம்.

ஒப்பந்தத்தின் கதை சுருக்கமானது. 1996இல் சிங்கப்பூரில் ஆய்வுக் குழு அமைத்தார்கள். 2003இல் மெக்சிகோவின் கான்கூனில் பேச்சு முறிந்தது. 2004 ஜூலையில் தோஹா சுற்று என்ற அந்த அமைப்பின் வர்த்தகப் பேச்சிலிருந்தே போட்டிக் கொள்கையை எடுத்துவிட்டார்கள். இந்தியாவும் எதிர்த்த நாடுதான்.

ஐசிஎன் பரிந்துரைகள் யாரையும் கட்டுப்படுத்தாது என்பது அதன் பலவீனம். சரி, ஆனால் எழுதிய விதியைப் பிறகு திருத்த முடியுமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். உலக வர்த்தக அமைப்பில் ஒரு வரியை மாற்ற, நடைமுறையில் எல்லா நாடுகளும் இசைய வேண்டும். இந்தியாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2011இல் இணைப்பு விதிகள் வந்தபோது, நிறுவனங்கள் இணைப்பு ஒப்பந்தம் போட்ட 30 நாளுக்குள் போட்டி ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும் என்று இருந்தது. அனுமதி வராமல் இணைப்பை முடிக்கவே கூடாது எனும்போது இந்தக் கெடு எதற்கு? அப்படிக் கெடு வைக்க வேண்டாம் என்பதே ஐசிஎன் பரிந்துரை. 2017இல் இந்தியா அதைக் கைவிட்டது. வருமானம் குறைந்த டிஜிட்டல் நிறுவனங்களைப் பெரும் விலைக்கு வாங்குவது பெருகியதும், 2024 செப்டம்பரில் 2,000 கோடி ரூபாய் என்ற பேர மதிப்பு வரம்பு வந்தது; அதைத் தாண்டும் பேரத்துக்கு அனுமதி கேட்க வேண்டும். அதிலும் வாங்கப்படும் நிறுவனத்துக்கு இந்தியாவில் கணிசமான தொழில் இருக்க வேண்டும். உள்ளூர்த் தொடர்பு வேண்டும் என்று ஐசிஎன் சொல்வதோடு இது பொருந்துகிறது. இதற்கெல்லாம் உலக வர்த்தக அமைப்பு இருக்கும் ஜெனீவாவில் யாரிடமும் சம்மதம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பொது ஒப்பந்தம் இருந்தால் தீர்ப்புகள் ஒன்றாகிவிடும் என்பதையும் நான் நம்பவில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக்–ஹனிவெல் என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்களின் இணைப்புக்கு அமெரிக்கா நிபந்தனையோடு தலையாட்டியது. 2001 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் தடுத்தது. ஒரே நிறுவனம் பல பொருள்களைச் சேர்த்து விற்றால் சந்தைக்குக் கேடா என்ற பொருளாதாரப் பார்வையில்தான் பிளவு. அதிகாரிகள் அடிக்கடி கூடிப் பேசினால்தான் இது குறையும்.

கார்ட்டல், அதாவது போட்டி நிறுவனங்கள் ரகசியமாகக் கூடி விலையை உயர்த்துவது, அந்த வழக்குகளில் எனக்கு அனுபவம் குறைவு, அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். வைட்டமின் கார்ட்டலுக்காக 1999இல் ரோஷ் என்ற சுவிஸ் மருந்து நிறுவனம் அமெரிக்காவில் 50 கோடி டாலர் அபராதம் கட்டியது. அதே கார்ட்டலின் விலையைக் கொடுத்த ஏழை நாடுகள் பலவற்றிடம் விசாரிக்கும் பலமே இல்லை. ஆதாரங்களைப் பகிர்வதற்கு மட்டும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஒன்று வந்தால், அதை நான் ஆதரிப்பேன்.