அலைக்கு எதிரே வேண்டாம், மணல்மேட்டுக்குப் பின்னால் போடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்து கூடாரத்தோடு கிளம்பும் நம்மவர்கள் பெரும்பாலும் முன்பதிவின்போதே கடல் தெரிகிற இடமாகத்தான் கேட்கிறார்கள். அம்மா, அக்கா குடும்பம், பிள்ளைகள் என்று கூட்டமாகப் பல வருடங்களாகப் போய்த் தங்கி வருகிறேன். என் அனுபவத்தில் எங்கள் குவாசுலு நடால் மாகாணக் கரையில் நல்ல இடம் என்பது கடலுக்கு நடந்து போகிற தூரத்தில், மணல்மேட்டுக் காட்டுக்குள் இருப்பதுதான்.

காரணம் காற்று. வானம் தெளிந்திருக்கும் நாட்களில் வடகிழக்குக் காற்று மதியத்துக்கு மேல் வலுக்கும். அப்புறம் ஒரு நாள் அது நின்று, தென்மேற்கில் இருந்து குளிர்காற்றும் மழையும் திடீரென்று வந்து இறங்கும். திறந்த புல்வெளியில் கூடாரம் போட்டவர்கள் நடு இரவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். கேப் விடல் முகாம் மணல்மேட்டுக்குப் பின்னால், மரங்களுக்குள் இருக்கிறது. கரையில் மணல் கண்ணில் அடிக்கிற மதியத்திலும் அங்கே கேஸ் அடுப்பு அணையாமல் எரியும். எந்தப் பக்கத்துக்கு அடுப்பை மறைப்பது என்ற கவலையே இல்லாமல் சமைக்க முடிவது, பத்துப் பேருக்குச் சோறு வைக்கிறவருக்குப் பெரிய விஷயம்.

கேப் விடல் இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவுக்குள் இருக்கிறது. 1999-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பூங்கா இது. செயின்ட் லூசியா ஊரைத் தாண்டி, பூங்கா வாசலில் இருந்து இன்னும் 30 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போக வேண்டும். வழியில் எருமைக் கூட்டமோ காண்டாமிருகமோ குறுக்கே நின்றால் காத்திருக்கத்தான் வேண்டும், ஹார்ன் அடிக்கக் கூடாது. வாசல் நவம்பர் முதல் மார்ச் வரை மாலை 7 மணிக்கும், மற்ற மாதங்களில் 6 மணிக்கும் மூடும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து டர்பனில் இருந்து புறப்பட்டால் எட்ட முடியாது. நாங்கள் சனிக்கிழமை விடியுமுன் கிளம்பிவிடுவோம்.

காட்டுக்குள் தங்கினால் குரங்குகளோடு வாழப் பழக வேண்டும். சாம்பல் நிற வெர்வெட், கொஞ்சம் கருத்த சமாங்கோ என்று இரண்டு வகை. இரண்டுக்கும் கூடார ஜிப்பைத் திறக்கத் தெரியும். ரொட்டி, பழம், ஊறுகாய் ஜாடி எதுவாக இருந்தாலும் கார் டிக்கியில்தான் இருக்க வேண்டும். இரவில் ஹனி பேட்ஜர் என்ற சிறு விலங்கு வந்து குப்பையைக் கிளறும். "பாத்திரத்தைக் கழுவாம யாரும் படுக்காதீங்கப்பா" என்று அம்மா தினமும் சொல்வார், நாங்களும் கழுவிவிட்டுத்தான் படுப்போம். தயவுசெய்து குரங்குக்குச் சாப்பாடு போடாதீர்கள். ஒரு குடும்பம் கொடுத்த வாழைப்பழத்துக்கு அடுத்த குடும்பத்தின் பிள்ளைதான் கடி வாங்கும்.

கடலுக்குப் போகும் நேரத்தை நாங்கள் வீட்டில் தொங்கும் தமிழ்க் காலண்டரைப் பார்த்தே குறித்துவிடுகிறோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம், அதாவது கடல் உள்வாங்குவது, அதிகமாக இருக்கும், இந்தக் கரையில் அது காலை 10 மணியை ஒட்டி வரும். அப்போது பாறைக் குட்டைகள் நன்றாக வெளியே தெரியும், பிள்ளைகள் நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு மீன் பார்க்கலாம். அஷ்டமி, நவமிப் பக்கம் போனால் விடிகாலையும் மாலையும்தான் வற்றம், அந்த அளவுக்குத் தண்ணீர் இறங்கவும் இறங்காது. அதனால் லீவு கேட்கும்போதே காலண்டரைப் பாருங்கள். கடலில் கால் நனைக்கலாம், ஆனால் செயின்ட் லூசியா ஏரியிலும் கழிமுகத்திலும் தண்ணீர் ஓரம்கூடப் போகக் கூடாது. நீர்யானையும் முதலையும் நிறைய. இரவில் நீர்யானை ஊர்த் தெருவுக்கே மேய வரும்.

மாதம் என்று கேட்டால் ஜூன், ஜூலைதான் என் தேர்வு. மழை குறைவு, கொசு குறைவு, கூன்முதுகுத் திமிங்கிலங்கள் வடக்கே போகிற காலம். டிசம்பரில் புழுக்கமும் இடியும், கூட்டமும் சேர்ந்துகொள்ளும். வடக்கே மொசாம்பிக் எல்லைப் பக்கம் போகிறவர்கள் கோடையில் மலேரியா பற்றி டாக்டரிடம் பேசிவிட்டுப் போங்கள். ஈஸ்டரில் நாங்கள் போவதே இல்லை, மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலில் இருப்போம்.

செப்டம்பர் கடைசியில் வரும் பள்ளி விடுமுறை புரட்டாசியில் விழும். அக்கம்பக்கம் எல்லாம் இறைச்சி சுட, நம்மவர்கள் என்ன செய்வது என்று அக்காவிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் சொல்வார். மீலியை, அதாவது மக்காச்சோளத்தை, தோலோடு தணலில் வாட்டி மிளகாய்த்தூள், எலுமிச்சை தடவுவது. சுகர் பீன்ஸ் குழம்பை வீட்டிலேயே வைத்து உறைய வைத்துக் கொண்டுபோவது. உறைந்த டப்பாவே முதல் நாள் ஐஸ் வேலையும் பார்த்துவிடும்.

தெற்கே ட்சிட்சிகாமா தேசியப் பூங்கா மட்டும் விதிவிலக்கு. ஸ்டார்ம்ஸ் ரிவர் மவுத் முகாமில் பாறையில் அலை மோதுவதைக் கூடார வாசலில் உட்கார்ந்தே பார்க்கலாம், அதற்காக இரண்டு இரவு ஈரத்தையும் உப்பையும் தாங்கலாம். அங்கே எந்த மாதமும் மழை வரும். அதற்கு மேல் தங்குவதென்றால் நேச்சர்ஸ் வேலிக்கு மாறிவிடுங்கள். காட்டு மரங்களுக்கு நடுவே அமைதியான முகாம், கடற்கரையும் கிட்டத்தில். தேசியப் பூங்காக்களில் 11 மாதம் முன்பே பதியலாம், டிசம்பருக்கு அப்படிப் பதிந்தால்தான் இடம். பதியும்போது இட எண்ணைக் கேட்டு, நிழல் இருக்கிறதா என்று போனில் உறுதி செய்யுங்கள். ஒரு முகாமின் படத்தில் இருந்த மரம் நாங்கள் போனபோது வெட்டப்பட்டிருந்தது.

கூடாரம் எங்களுடையது கான்வாஸ். கனம்தான், ஆனால் உள்ளே வெக்கை குறைவு, காற்றில் படபடக்காது. வாங்கியதும் ஒருமுறை நன்றாக நனைத்துக் காயவிட்டால் நூல் உப்பித் தையல் ஓட்டை அடைபடும். கூடாரத்தோடு வரும் மெல்லிய முளை மணலில் நிற்காது. நீளமான, அகன்ற முளை தனியாக வாங்குங்கள். மரத்தடியில் காய்ந்த கிளை இருக்கிறதா என்று மேலே பார்த்துவிட்டு அடியுங்கள். உப்புக்காற்றில் முதலில் போவது ஜிப்தான். திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, மெழுகுவத்தியைத் தேய்த்து வைத்தால் பல வருடம் ஓடும். மழையில் நனைந்தபடி மடிக்க நேர்ந்தால் வீட்டுக்கு வந்த அன்றே முற்றத்தில் விரித்துவிடுங்கள். பையிலேயே ஈரமாகக் கிடந்தால் கருப்புப் பூஞ்சை பிடிக்கும், அந்தக் கறை துணியை விட்டுப் போகாது.