பழைய ஆவணச் சோதனைக்கு இருகண் நுண்ணோக்கி: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

பழைய பத்திரங்களும் கடிதங்களும் ஓவியங்களும் அசல்தானா என்று பார்ப்பதற்காக இருகண் நுண்ணோக்கி ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். எத்தனை மடங்கு பெருக்கும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இந்த வேலைக்கு 10 முதல் 40 மடங்கு தாராளம். பெட்டியில் 1000 மடங்கு என்று அச்சிட்டு மலிவாக விற்கும் யூஎஸ்பி கருவிகள் படமெடுத்து வைக்க உதவும். அந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டியதில்லை.

பெருக்கத்தைவிட வெளிச்சம் முக்கியம். வளைய விளக்கின் ஒளி மேலிருந்து விழுவதால் மேடுபள்ளம் மறைந்துவிடுகிறது; தஞ்சாவூர் ஓவியத்தின் தங்க ரேக்கில் கண் கூசுவதுதான் மிச்சம். சிறிய எல்இடி விளக்கொன்றைத் தாளை ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால், தொட்டெழுதும் பேனா முள்ளின் இரு நுனிகள் அழுத்திய தடங்களும், சுரண்டி அழித்த இடத்தில் சிலிர்த்து நிற்கும் நார்களும் துலக்கமாகத் தெரியும்.

மாசிக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்ந்த பழைய மை நாருக்குள் இறங்கியிருக்கும். லேசர் அச்சுத் தூள் நாரின் மேல் உருகி ஒட்டியிருக்கும். பழுப்பேறிய கையெழுத்தில் நீல, மெஜந்தா, மஞ்சள் புள்ளிகள் தென்பட்டால் அது இங்க்ஜெட் நகல். அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை. நான் அதிக நேரம் செலவிடுவது மடிப்புகளில்தான். எழுதிய பின் மடித்த தாளில் மைக்கோடு நாரோடு சேர்ந்து உடைந்திருக்கும். மடிந்து நைந்த தாளில் பின்னர் எழுதினால், உடைந்த நார்களின் வழியே மை பக்கவாட்டில் கசிந்திருக்கும்.

அமெரிக்காவில் மார்மன் சமய வரலாற்று ஆவணங்களைப் போலியாக உருவாக்கி விற்ற மார்க் ஹாஃப்மன் சிக்கியதில் நுண்ணோக்கிக்குப் பெரும் பங்குண்டு. கோந்து கலந்த மையை வேதிப்பொருளால் பழையதாக்கியதால் அது முதலைத் தோல்போல வெடித்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். 1987இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

ஆனால், இக்கருவி போலியைக் காட்டிக்கொடுக்குமே தவிர, அசலுக்குச் சான்றிதழ் தராது. வட அமெரிக்கக் கரையைக் காட்டும் 15ஆம் நூற்றாண்டு வரைபடம் என்று சொல்லப்பட்ட வின்லாந்து வரைபடத்தின் மையில் 20ஆம் நூற்றாண்டு டைட்டானியம் நிறமி இருப்பதை 1970களில் நுண்ணோக்கி வல்லுநர் வால்டர் மக்ரோன் கூறியது துகள்களைத் தனியே எடுத்து ஆராய்ந்த பிறகுதான். அது போலி என்று, அதை வைத்திருக்கும் யேல் பல்கலைக்கழகம் அறிவித்தது 2021இல். அந்த அளவு ஆய்வுக்கு ஆய்வகமே கதி.

வாங்குபவர்கள் நீண்ட கையுள்ள தாங்கியோடு வாங்குங்கள். வழக்கமான தாங்கியில் பெரிய முத்திரைத்தாளின் நடுப்பகுதியைப் பார்க்கத் தாளை வளைக்க வேண்டியிருக்கும், நைந்த தாள் அதைத் தாங்காது.